ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்த சாவி

மலைநாட்டில், நாரின் என்கிற ஆற்றங்கரையில் எங்கள் ஊருக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது கபாரின் கடைதான். சக்கரம் கழற்றிய பழைய ரயில் பெட்டி. உள்ளே மாவு மூட்டை, தேயிலை, ரப்பர் செருப்பு, வோட்கா, ஆணி என்று எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். அரசாங்கக் கூட்டுப்பண்ணை கலைந்த வருஷம் ஊரே பங்காகக் கைக்குக் கிடைத்த ஆட்டை அடித்துத் தின்று தீர்த்தது. கபார் மட்டும் பண்ணையின் கொட்டிலையும் மாவு மில்லையும் வாங்கிப் போட்டார். பிறகு நிலம், பிறகு வீடுகள். ஆள் கெட்டவர் இல்லை. ஆனால் எதைப் பார்த்தாலும் இது என்ன விலை போகும் என்றுதான் புத்தி போகும். பனி கொட்டினால்கூட நிலக்கரி விலை ஏறுமே என்று சந்தோஷப்படுகிற மனுஷன்.

அப்படிப்பட்டவர் விலை பேசாமல் கொடுத்தது வாழ்க்கையில் ஒன்றே ஒன்று, தன் இளைய பிள்ளையை.

கபாரின் அண்ணன் இமானாலிக்குக் குழந்தை இல்லை. அப்படிப்பட்ட வீட்டுக்குத் தம்பி ஒரு பிள்ளையைத் தூக்கிக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம்தான். மூத்தவன் எசென் வீட்டில் ஓடிக்கொண்டிருந்தான். இன்னும் நாலு பெற்றுக்கொள்ளலாம் என்று கபார் நினைத்தார். பிறந்த தெமிரை அண்ணியின் மடியில் போட்டபோது மனைவி சைராகான் வாய் திறக்கவில்லை. கொடுத்த பிள்ளையைப் பெற்றவள் மகனே என்று கூப்பிடக் கூடாது. அவளும் கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு அவளுக்குப் பிள்ளையே தங்கவில்லை.

எசென் வளர்ந்து ருஷ்யாவுக்கு வேலைக்குப் போனான், அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டு அந்த நாட்டுக்காரனாகவே ஆகிப்போனான். போனில் பேரப்பிள்ளைகள் பேசும் பாஷை சைராகானுக்குப் புரியாது. தெமிரோ ஓடைக்கு அந்தப் பக்கம், இமானாலி வீட்டில், குதிரையும் ஆடுமாக வளர்ந்தான். கடைக்கு வந்து "சித்தி, உப்பு குடுங்க" என்பான். அவன் போன பிறகும் சைராகான் தராசைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருப்பாள்.

பெற்றோரின் வீடும் அடுப்பும் கடைசி மகனுக்குத்தான் என்பது எங்கள் முறை. கபார் கடைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட புது வீடு ஒன்று கட்டினார். யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. குளிர்காலம் பூராவும் சாயங்காலம் அந்தக் காலி வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைப்பார். புகைபோக்கியில் புகை வந்தால்தான் அவருக்கு மனசு ஆறும்.

போன வருஷம் இமானாலியின் மனைவி இறந்தாள். எங்கள் ஊரில் பிணத்தை முற்றத்துக் கம்பளிக் கூடாரத்தில் கிடத்துவோம். வாசலில் மகன்கள் தடியூன்றி நின்று, வருகிறவர்கள் காதில் விழும்படி அழ வேண்டும். "அம்மா, என் அம்மா" என்று தெமிர் அழுத அழுகை ஓடை தாண்டிக் கேட்டது. சைராகான் கூடாரத்துக்குள் மற்றப் பெண்களோடு உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இந்த வருஷம் அவளுக்கே வயிற்றில் கட்டி. வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"எனக்கு மருந்து வேணாம்" என்றாள். "என் கூடார வாசல்ல தெமிரு அம்மான்னு அழணும். சித்தின்னு அழக் கூடாது. அது போதும் எனக்கு."

"எசென் வருவான்டி."

"லீவு கெடச்சா வருவான். நீங்க அண்ணங்கிட்ட போய்க் கேளுங்க. சும்மா கேளுங்க. ஒங்க கடைப் புத்திய அங்க காட்டாதீங்க."

மறுநாள் காலையில் கபார் ஓடையைத் தாண்டினார். இமானாலி விரிப்பைப் போட்டு ரொட்டியைப் பிட்டு வைத்தார். "எடுத்துக்க தம்பி. அவ எப்டி இருக்கா?"

"முடியல அண்ணே."

கேட்க வேண்டியதைக் கேட்க வாய் வரவில்லை. யாரிடமும் கையேந்திப் பழக்கமில்லாத ஆள். கொடுத்து வாங்கித்தான் பழக்கம். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"என்னடா இது?"

"புது வீட்டுச் சாவி. மில்லையும் கீழ நெலத்தையும்கூட தெமிரு பேருக்கு எழுதித் தரேன். அவன் சைராகானுக்கு அம்மான்னு அழுதாப் போதும் அண்ணே."

இமானாலி சாவியை விரலால் தள்ளி வைத்தார்.

"அன்னைக்கு இவனக் குடுத்தப்போ எங்கிட்ட என்ன கேட்ட?"

"ஒண்ணும் கேக்கல."

"ஒரு ஆட்டுக்குட்டிகூட வாங்கிக்கல. ஊரு ஒன்னக் கஞ்சப்பயன்னு சொன்னப்பல்லாம் நான் சண்டைக்குப் போனது அதுக்காகத்தான். நீ வெறுங்கையோட வந்து, அண்ணே, அவ பெத்தவ, அனுப்புன்னு சொல்லியிருந்தா நானே அவன் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்திருப்பேன். இப்ப அனுப்புனா நான் புள்ளைய வித்தவன்."

"அண்ணே, நான் அப்படி நெனச்சு..."

"தெரியும்டா. ஒனக்கு வேற மாதிரி நெனைக்கத் தெரியாது. எடுத்துட்டுப் போ."

வெளியே வந்தபோது வாசலில் தெமிர் கையில் சேணத்தோடு நின்றிருந்தான். சித்தப்பாவுக்கு வழி விட்டான்.

"என்ன சொன்னாரு?" என்று படுக்கையிலிருந்து கேட்டாள் சைராகான்.

"சரின்னுட்டாரு."

அன்றைக்கு அவள் ஒரு கிண்ணம் சூப் குடித்தாள். சாகிற வரைக்கும் அதே சந்தோஷத்தில் இருந்தாள். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துக்கொண்டு அவளுக்குத் தலையணை மாற்றுவதுதான் கபாருக்கு எல்லாவற்றையும்விடக் கொடுமையாக இருந்தது.

முதல் பனி விழுந்தபோது அவள் போனாள். எசெனுக்கு லீவு கிடைக்கவில்லை. கூடார வாசலில் முதல் ஆளாகத் தெமிர் தடியூன்றி நின்றான். "சித்தி, என் சித்தி" என்று நெஞ்சு வெடிக்க அழுதான். அந்த அழுகையில் துளி பொய் இல்லை. கபார் விறகுக் குவியலுக்குப் பின்னால் போய் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

எல்லாம் முடிந்து கூடாரத்தைப் பிரித்த பிறகு தெமிர் கடைக்கு வந்தான்.

"நான் யாரு புள்ளைன்னு சின்ன வயசுலயே தெரியும் சித்தப்பா. இந்த ஊர்ல எவன் வாய மூடிட்டு இருக்கான்? சித்திக்கு அம்மான்னுதான் அழணும்னு நெனச்சிருந்தேன். யாரும் சொல்ல வேணாம், நானாவே."

கபார் கடைப் பலகைமேல் குனிந்து கேட்டார். "அப்புறம் ஏன்டா?"

"நீங்க சாவிய வச்சத வாசல்லேந்து பாத்துட்டேன், பேசுனதையும் கேட்டுட்டேன். அதுக்கப்புறம் அம்மான்னு அழுதா அது வீட்டுக்காக அழுத அழுகையாயிடும். எங்கப்பா எப்படி வெளிய தல காட்டுவாரு?"

கபார் தராசுத் தட்டைத் துடைத்தார்.

"எனக்கு யாருடா அழுவா?" என்றார் கபார்.

"நான் வந்து நிப்பேன்" என்றான் தெமிர். "கவலப்படாதீங்க. சித்தப்பான்னு நல்லாவே அழுவேன். உப்பு ஒண்ணு குடுங்க."

"எடுத்துட்டுப் போப்பா. காசு வேணாம்."

தெமிர் காசைப் பலகைமேல் வைத்துவிட்டு உப்போடு போனான். அன்று சாயங்காலம் புது வீட்டு அடுப்பைப் பற்றவைக்கக் கபார் போகவில்லை.