ஓசூர் முதல் கிருஷ்ணகிரி வரை: காரில் மூன்று முறை, பஸ்ஸில் மூன்று முறை

ஓசூர்,
12 மார்ச் 1955, சனிக்கிழமை, காலை மணி 7.20.

சிரஞ்சீவி முனிரத்தினத்திற்கு,

1. பயணத்தின் காரணமும் காலமும்

மே மாதம் நீ இங்கு மாற்றலாகி வரும்போது தினமும் கிருஷ்ணகிரி கச்சேரி உத்தியோகத்துக்குப் போய்வர வேண்டியிருக்கும் என்றும், என்னிடம் விட்டுச்சென்ற காரை வைத்துக்கொள்வதா, விற்றுவிட்டுப் பஸ்ஸில் போவதா என்றும் கேட்டிருந்தாய். உன் கடிதம் பிப்ரவரி 16 புதன்கிழமை பிற்பகல் கிடைத்தது. உடனே பதில் எழுதாததற்குக் காரணம், சோதித்துப் பார்க்காமல் எதையும் எழுதும் பழக்கம் எனக்கு இல்லை என்பதுதான். சோதிக்கும் வாய்ப்பும் தானாகவே வந்தது.

உன் அக்காவின் வலக்கண் சிறுவயதில் அம்மையில் போனது உனக்குத் தெரியும். மிஞ்சியிருக்கும் இடக்கண்ணுக்குச் சென்னையில் புரை எடுத்துக் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். அந்தக் கட்டை ஆறு முறை பிரித்து, மருந்திட்டு, மறுபடி கட்ட வேண்டும். கண் டாக்டர் கிருஷ்ணகிரிக்குத் திங்கள், வியாழன் இரு நாட்கள் மட்டுமே வருகிறார். காலை பத்து முதல் பதினொன்றரை வரை இருப்பார். பிறகு தருமபுரிக்குப் புறப்பட்டுவிடுவார். எனவே முதல் மூன்று முறை காரிலும், அடுத்த மூன்று முறை பஸ்ஸிலும் செல்வது என்று தீர்மானித்தேன்.

"என் கண்ணுதான் உங்களுக்குப் பரிச்சைக் காயிதமா?" என்று உன் அக்கா கேட்டாள். நான் நேர அட்டவணைக்குத் தாளில் கோடு போட்டேன்.

2. காரில்

தூரம் முப்பத்திரண்டு மைல். பிப்ரவரி 21 திங்களன்று ஒரு மணி இருபத்திரண்டு நிமிடத்திலும், 24 வியாழனன்று ஒரு மணி பத்தொன்பது நிமிடத்திலும் போய்ச் சேர்ந்தோம். போகும்போது இறக்கம், சிரமமில்லை. திரும்பும்போது மேலுமலை ஏற்றத்தில் இரு நாளும் ரேடியேட்டர் கொதித்தது. போகவர எரிந்த பெட்ரோல் ஆறரை ரூபாய். கண்ணாடிகளை ஏற்றிவிட்டால் தூசி உள்ளே வராது. கட்டுப் போட்ட கண்ணுக்கு இது பெரிய சௌகரியம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கொதிப்பதற்குப் பரிகாரமாக மூன்று போத்தல் தண்ணீர் எடுத்துச்செல்ல ஏற்பாடு செய்தேன். ஓசூரில் பழைய போத்தல் வாங்கப் போனால் பிராந்திப் போத்தல்தான் கிடைக்கும். எல்லைக்கு அப்பால், அடுத்த ராஜ்யத்தில், மதுவிலக்கு இல்லை அல்லவா? வாங்கி, கழுவி, வடிகட்டிய நீர் நிரப்பி, வழியில் சிந்தாமலிருக்கத் தக்கையின் மேல் அரக்கு வைத்தேன். பழைய லேபிளின் மேல் "ரேடியேட்டர் நீர், 27-2-55" என்று எழுதி ஒட்டினேன்.

பிப்ரவரி 28 திங்கட்கிழமை காலை 9.10க்குப் புறப்பட்டோம். பேரண்டப்பள்ளி அருகே ஒன்பது மணி பஸ்ஸை முந்தினேன். சூளகிரியில் மதுவிலக்குப் போலீசார் காரை நிறுத்தியபோது மணி 9.50.

"என்னா சாமி இது, அரக்கெல்லாம் வெச்சு சீல் போட்டிருக்கு?" என்றார் கான்ஸ்டபிள்.

"தண்ணீர். லேபிளைப் படியுங்கள்."

"லேபிளுக்கு மேல லேபிளு ஒட்டியிருக்கீங்களே. அடியில இருக்கறதையும் படிக்கிறேன், இருங்க." படித்தார். சிரித்தார். "தண்ணின்னா தண்ணி. ஒடச்சி மோந்து பாத்துட்டு அனுப்பிடறேன், போங்க."

முனிரத்தினம், அவர் அப்படியே செய்திருந்தால் ஐந்து நிமிடத்தில் விட்டிருப்பார். அரக்கு முத்திரையை அதிகாரியின் முன்னிலையில்தான் உடைக்க வேண்டும் என்று எடுத்துச் சொன்னவன் நான்தான். முப்பத்தொரு வருடம் சர்வே இலாகாவில் முறைப்படியே வேலை பார்த்தவனுக்கு அது இயல்பாக வாயில் வந்துவிட்டது. கான்ஸ்டபிளின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"அப்படியா? சட்டம் பேசறீங்களா? சரி, எஸ்.ஐ. வரட்டும்."

சப்-இன்ஸ்பெக்டர் சைக்கிளில் பக்கத்து ஊருக்குப் போயிருந்தார். 10.05க்கு நாங்கள் முந்திவந்த அதே பஸ் எங்களைத் தாண்டிப் போயிற்று. கண்டக்டர் படியில் நின்றபடி தலையை நீட்டி எங்களைப் பார்த்தார். நான் போத்தல்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சப்-இன்ஸ்பெக்டர் வந்து, மோந்து, மன்னிப்புக் கேட்டு எங்களை அனுப்பியபோது மணி 11.02. கிருஷ்ணகிரியை 11.44க்கு அடைந்தோம். டாக்டரின் அறை பூட்டியிருந்தது.

திரும்பும் வழியில் உன் அக்கா, சூளகிரி தாண்டியதும், "தண்ணி வேணும்னா வழியில யாரு வீட்டுலயாவது கேட்டிருக்கலாமில்ல?" என்றாள்.

3. பஸ்ஸில்

மார்ச் 3 வியாழன், காலை 7.45 பஸ். ஒருவருக்கு ஒரு ரூபாய் இரண்டணா. புறப்பட்டது 7.58க்கு, சேர்ந்தது 10.06க்கு. வழியில் பத்தொன்பது இடங்களில் நின்றது. அவற்றுள் ஏழு இடங்களில் ஏறவோ இறங்கவோ ஆளில்லை. ஓரிடத்தில் ஒரு மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டார்கள். இன்னோரிடத்தில், மகளுக்கு ஆண் குழந்தை பிறந்த செய்தியை ஒரு கிழவரிடம் தெலுங்கில் கூவிச் சொன்னார்கள். அவர் கன்னடத்தில் ஏதோ கேட்க, டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பதில் சொன்னார். இவற்றை நான் வீண் தாமதம் என்று குறித்துக்கொண்டேன்.

கண்டக்டர், திங்களன்று தலையை நீட்டியவரே; இப்போது முறை மாறி 7.45 பஸ்ஸில் வருகிறார். பெயர் காதர். ஓசூரிலேயே பிறந்து வளர்ந்தவர்.

"அன்னைக்கு சூளகிரியில நின்னுட்டிருந்தது நீங்கதான சாமி? பெரியம்மா கண்ணுல கட்டோட உக்காந்திருந்தாங்க. கைய காட்டியிருந்தீங்கன்னா டாக்டர்கிட்ட போயி சொல்லியிருப்பனே."

"சொன்னால் அவர் இருப்பாரா?"

"ஏன் இருக்க மாட்டாரு? வரப்போறது தெரிஞ்சா இருப்பாரு. தெரியலன்னா அவரு எப்படி சாமி இருப்பாரு?"

டாக்டர் கட்டைப் பிரித்தபோது கண் சிவந்து நீர் வைத்திருந்தது. ஒரு முறை தவறியது தவறியதுதான். இன்னொரு முறை தவறினால் இந்தக் கண்ணுக்குத் தாம் பொறுப்பில்லை என்று என்னிடம் தனியாகச் சொன்னார். இதை உன் அக்காவிடம் நான் சொல்லவில்லை. கதவுக்கு அப்பால் இருந்தே அவள் கேட்டுவிட்டாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

மார்ச் 7 திங்கள். அதே பஸ், குருபரப்பள்ளிக்கு அரை மைல் முன்னால், 9.22க்குப் பஞ்சரானது. மாற்றுச் சக்கரம் முந்திய தினமே போய்விட்டதாம். ஒட்டுப் போட்டுக் காற்றடித்தார்கள்; ஒட்டு விட்டது. மறுபடி ஒட்டினார்கள், மறுபடி விட்டது. 10.45க்கு ஒன்பது மணி பஸ் வந்தது. படிக்கட்டிலும் ஆட்கள் தொங்கினார்கள். கட்டுப் போட்ட கண்ணுடன் அந்த நெரிசலில் அவளை ஏற்ற முடியாது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மணியவே பாத்துட்டிருந்தா டயரு நிக்குமா? போயி அவருகிட்ட சொல்லுங்க," என்றாள் உன் அக்கா.

இம்முறை போனேன். நான் சொல்லி முடிப்பதற்குள் காதர் அந்தப் பஸ்ஸின் பக்கவாட்டில் ஓங்கித் தட்டினார். "ஏ டிரைவரண்ணா! கண்ணு டாக்டர்கிட்ட ஒரு வார்த்த சொல்லிரு. கட்டுப் போட்ட பெரியம்மா பஞ்சர் வண்டியில வர்றாங்க, போயிடவேணாம்னு!"

"யாரு, அந்தச் சீல் போட்ட போத்தல்காரரு வீட்டம்மாவா?" என்று படிக்கட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது. பஸ் முழுவதும் சிரித்தது. உன் அக்காவும் சிரித்தாள். எட்டு நாட்களில் அதுதான் முதல் சிரிப்பு.

மூன்றாவது ஒட்டு நின்றது. கிருஷ்ணகிரியில் காதர் வண்டியை நிலையத்திற்குக் கொண்டுபோகாமல் டாக்டரின் வாசலிலேயே நிறுத்தச் செய்தார். பயணிகள் எவரும் முணுமுணுக்கவில்லை. மணி 11.57. டாக்டர் பையைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்கம்மா. டிரைவர் சொன்னார். அப்புறம் ஒரு வெற்றிலைக்காரம்மா வந்து சொன்னாங்க. அப்புறம் யாரோ ஒருத்தர் ஜன்னல் வழியா எட்டிப் பார்த்து, 'இன்னும் இருக்கீங்கல்ல?'ன்னு கேட்டுட்டுப் போனார். இதுக்கப்புறம் நான் எப்படிப் போறது?"

மார்ச் 10 வியாழனன்று கட்டு முழுவதுமாக அகற்றப்பட்டு, தடித்த கண்ணாடி மாட்டப்பட்டது. திரும்பும் பஸ்ஸில் உன் அக்காவை ஜன்னலோரம் உட்காரவைத்து, தூசி படாமலிருக்க என் மேல்துண்டைக் கொடுத்தேன். குருபரப்பள்ளி தாண்டியதும் அவள் மைல்கற்களை உரக்கப் படிக்க ஆரம்பித்தாள். "ஓசூர் இருபத்தி நாலு." சற்று நேரத்தில், "ஓசூர் இருபத்தி மூணு." சூளகிரி வரை ஒன்றைக்கூட விடவில்லை. நான் என் குறிப்புப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஆகையால் அன்றைய நேர விவரம் அட்டவணையில் முழுமையாக இராது.

4. என் அபிப்பிராயம்

கார் விரைவானது, ஒரு வழிக்கு முக்கால் மணி நேரம் மிச்சம். பஸ்ஸில் தூசி, நெரிசல், காத்திருப்பு எல்லாம் உண்டு. ஆனால் காரில் நாம் வருவது சாலையில் எவருக்கும் தெரியாது. பஸ்ஸில் நாம் போய்ச் சேர்வதற்கு முன்பே நம் காரியம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. கச்சேரிக்குத் தினசரி போக 7.45 பஸ்ஸையே பழக்கிக்கொள். கண்டக்டரிடம் உன் பெயரையும் வேலையையும் முதல் நாளே சொல்லிவை. இடப்பக்கம், முன்னாலிருந்து மூன்றாம் வரிசையில் தூசி குறைவு. காரை விற்க வேண்டாம். அஞ்செட்டிப் பக்கம் போக வேண்டி வந்தால் பஸ்ஸை நம்ப முடியாது. தண்ணீரை மண் கூஜாவில் எடுத்துச் செல்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அத்தான்.

இத்துடன் இணைத்திருப்பவை:

(1) ஆறு பயணங்களின் நேர அட்டவணை, ஒரு தாள். கடைசிப் பத்தி முழுமையற்றது, காரணம் மேலே.
(2) ஓசூரிலிருந்து புறப்படும் பஸ் நேரங்கள், நானே போய்ப் பார்த்து எழுதியது.
(3) போத்தல்களிலிருந்து உரித்த லேபிள்கள் மூன்று. உன் அக்கா வற்புறுத்தியதால் அனுப்புகிறேன்.
(4) உன் அக்கா நேற்று மாலை 5.10க்குத் தன் கையால் உனக்கு எழுதிய நான்கு வரிகள். மூன்றாவது வரி என்னைப் பற்றியது. எழுத்துக்கள் கோணலாக இருக்கின்றன. வரி கீழே சரிகிறது. நான் எதையும் திருத்தவில்லை.