பொன்சாமி அழித்த ஒரு வரி

ஃபிஜித் தலைநகர் சுவாவில் பல்கலைக்கழக மாணவர் அலுவலகத்துக் குமாஸ்தா பொன்சாமி, தமிழின் மானத்தைத் தினமும் நசினுவிலிருந்து பஸ்ஸில் சுமந்து வருவார். அவர் அலையாய் அலைந்து உண்டாக்கிய மாணவர் தமிழ்ப் பண்பாட்டுக் கழகத்துக்கு 1974இல் கண்டம் வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் புதிதாகப் பதினைந்து பேர் சேராவிட்டால் கழகம் கலையும்; அறையும் போகும்.

மாணவர்கள் எந்தச் சங்கத்தையும் அதன் பெயரால் அழைத்ததில்லை. யங்கோனா வேரைக் கரைத்துக் குடிக்கும் சங்கம், கரைக்கிற மரப் பாத்திரத்தின் பெயரால் ‘டானோவா’. ஒரே வேனில் பதினெட்டுப் பேர் அடைந்து போகும் கால்பந்துச் சங்கம் ‘டின்ஃபிஷ்’, டப்பாவில் அடைத்த மீன். கூட்டம் தவறாமல் ரசம் ஊற்றிய தமிழ்க் கழகம் ‘இம்லி’, இந்தியில் புளி.

புதியவர்களுக்கான கையேட்டில் போட, கழகச் செயலாளர் உர்மிளா இந்தப் பட்டப்பெயர்களை எழுதிக் கொடுத்தாள். ஸ்டென்சில் அடித்த பொன்சாமி, இம்லி வரியின்மேல் மட்டும் திருத்தும் மையைத் தடவிவிட்டு, ஒரு மொழியைக் காப்பாற்றிய களைப்பில் டீ குடித்தார்.

கையேடு வந்ததும் உர்மிளா வந்தாள். பா என்கிற ஊர்க்காரி, வீட்டுத் தமிழ் கொஞ்சம் வரும்.

“அங்கிள், இம்லி எங்க?”

“நம்ம கழகத்தப் புளிங்கிறானுங்க. அத என் கையாலயே அடிக்கணுமாம்மா?”

“புளின்னுதான் வந்தாங்க, அங்கிள். அந்தப் பெரிய பேரு ஒருத்தர் வாய்லயும் நுழையல.”

“நுழைய வைப்போம்.”

சேர்க்கை நாளன்று, முழுப்பெயரைத் தமிழில் தீட்டிய பலகையின் கீழ் அவரே உட்கார்ந்தார். வளாகத்தில் அதைப் படிக்கத் தெரிந்தவரும் அவரே. சவேனியிலிருந்து வந்த ஒரு பெண், பின்னால் ஆறு சிநேகிதிகளோடு நின்று இந்தியில் கேட்டாள்: “அங்கிள், இம்லி எங்கே இருக்கு? அக்கா அதிலேதான் சேரச் சொன்னா.”

“அப்படி ஒண்ணு இங்கே கிடையாது,” என்றார் பொன்சாமி, அதே இந்தியில், தமிழுக்கே உரிய மிடுக்கோடு. ஏழு பேரும் அடுத்த மேசைக்குப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை கையெழுத்து நான்கு.

கலைப்புக் கடிதத்தை அடிக்கும் வேலை, முறைப்படி, பொன்சாமிக்கே வந்தது. மூன்று பிரதிகள், ஒரு பிழையில்லை. உர்மிளா கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடினாள்.

“இனி எந்தச் சங்கம்மா உனக்கு?”

“டின்ஃபிஷ், அங்கிள். நம்ம ரூம அவங்களுக்குத்தான் குடுத்திருக்காங்க.”