வேலியும் நிழலும்

மாலை நாலே முக்காலுக்குப் பள்ளி வேன் வந்து நின்றது. என் மகள் இறங்கவில்லை. "வல்லம் வடகால்ல ஒரு கம்பெனியாண்ட இறங்கிக்கிச்சு சார். கணக்கு டீச்சருக்கு போட்டோ எடுக்கணும்னுச்சு" என்றார் டிரைவர். மகளின் போன் அணைந்திருந்தது.

அந்த டீச்சரை ஒரே ஒரு முறை, பெற்றோர் கூட்டத்தில் பார்த்திருந்தேன். ஒல்லியானவர், விரல்களில் சாக்பீஸ் தூள். பிள்ளைகள் எடுத்து வரும் படங்களை வைத்தே கோணங்கள் நடத்துவார். யார் போனை நீட்டினாலும் முதலில் புடவைத் தலைப்பால் அதன் கேமராவைத் துடைப்பார்.

அவரை அழைத்தேன். "நான் அந்த கம்பெனி கிட்டதான் இருக்கேன் சார், பாக்கிறேன். அவ வந்தா வீட்ல ஆள் வேணும், நீங்க இருங்க" என்றார்.

நான் வேலை செய்யும் ஒரகடம் கம்பெனியில் தினமும் கேட்டிலேயே என் போன் கேமராமேல் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். கம்பெனிப் பக்கமெல்லாம் படம் எடுக்கக் கூடாது என்று மகளிடம் சொல்ல எனக்குத் தோன்றியதே இல்லை.

ஆறு மணிக்கு டீச்சரின் ஸ்கூட்டரில் மகள் வந்தாள். அழுதிருந்தாள். கம்பெனி வேலியைப் படமெடுத்ததற்காக, போனை வாங்கி அணைத்துவிட்டு, செக்யூரிட்டி அறையில் உட்கார வைத்திருந்தார்களாம்.

மகளைத் திட்ட வாயெடுத்தேன். "எங்க எடுக்கக் கூடாதுன்னு நான் சொல்லித் தரல சார், தப்பு என்னுதுதான்" என்றார் டீச்சர்.

மகளின் போன் கேமராவைத் துடைத்து, போனை என்னிடம் கொடுத்தார். "படத்தை அழிக்கச் சொன்னாங்க, அழிச்சிட்டோம்."

பிறகு மகளிடம் திரும்பினார். "வேலிக் கம்பியும் நிழலும் சேர்ற கோணம் ஞாபகம் இருக்குல்ல? நாளைக்கு போர்டுல வரைஞ்சு காட்டு."