பரிதாவுக்குப் பக்கத்து மேசை

எங்கள் தொழிலில் வேகம் ஏறுவது கம்ப்யூட்டருக்கு, பிரஷர் ஏறுவது நமக்கு. சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடையில் பதினோரு வருடமாக ரிப்பேர் பார்க்கிறேன். இப்போதெல்லாம் பாதி வேலை, பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, அதைவிட வேகமான எஸ்எஸ்டி மாட்டி, விண்டோஸை அதற்கு மாற்றுவதுதான். அடுத்த மேசையில் பரிதா. சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. புக்கிட் பாஞ்சாங்கில் திறக்கப்போகும் கிளைக்கு எங்கள் இருவரில் ஒருவர்தான் மேனேஜர் என்று பாஸ் சொன்ன நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கெட்டிக்காரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை பார்ப்பவர்களே, உங்களுக்குச் சொன்னால் புரியும்.

சுத்தமான வேலை

டியூஷன் டீச்சர் ஒருவரின் லேப்டாப். வழக்கம்போல் விண்டோஸைப் புதிதாகவே போட்டு, அவருடைய ஃபைல்களை ஒரே ஃபோல்டரில் எடுத்துவைத்தேன். குப்பை இல்லாத சுத்தமான வேலை. பத்து எண்ணுவதற்குள் திரை வந்தது. பாராட்டுவார் என்று நின்றேன். அவரோ எதையோ தொலைத்தவர் மாதிரி திரையை மேலும் கீழும் பார்த்தார். பரிதா அப்படிச் செய்வதில்லை. பழைய டிஸ்க்கை அப்படியே நகலெடுத்து மாற்றுவாள், ஒரு ஐகான்கூட இடம் மாறாது. அதை யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"ஸ்பீடா இருக்கு தம்பி. ஆனா இது என் லேப்டாப் மாதிரியே இல்லையே. அந்தப் பொண்ணுகிட்டக் குடுத்தா பழையபடி வருமா?"

ஞாயிற்றுக்கிழமை

துவாஸ் தொழிலாளர் டார்மிட்டரியிலிருந்து ஒருவர் வந்தார். வாரத்தில் அவருக்குக் கிடைக்கும் ஒரே விடுமுறை, ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றுகொண்டே வந்திருக்கிறார். பரிதா அன்று லீவு. எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். நாற்காலியை இழுத்துப் போட்டு, ஸ்க்ரூடிரைவரையும் கையில் எடுத்துவிட்டேன். அவர் லேப்டாப்பைத் திரும்பப் பைக்குள் வைத்தார்.

"பரவாயில்லண்ணே, அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றேன். அக்கா இருப்பாங்கல்ல?"

முன்னால் எது, பின்னால் எது

டோபி காட் பகுதியில் நடனப் பள்ளி நடத்தும் ஒரு அம்மாள், பிள்ளைகளின் அரங்கேற்ற வீடியோ அத்தனையும் இருக்கும் லேப்டாப்பைக் காலையில் பரிதாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். மத்தியானம் பரிதா தேக்கா மார்க்கெட்டுக்குச் சாப்பிடப் போன நேரம், அதை அவள் மேசையிலிருந்து நானே எடுத்தேன். கேட்காமல்தான். அவள் வருவதற்குள் முடித்து, பாஸ் கண்ணில் படும்படி வைக்க வேண்டும் என்று ஆசை.

நகலெடுக்க எங்களிடம் ஒரு பெட்டி உண்டு. முன் ஸ்லாட்டில் உள்ளதைப் பின் ஸ்லாட்டில் உள்ளதன்மேல் எழுதிவிடும். வாசலைப் பார்த்துக்கொண்டே இரண்டையும் செருகிப் பொத்தானை அமுக்கினேன். விளக்கு பாதி ஏறிய பிறகுதான் கவனித்தேன், முன்னால் இருப்பது காலியான புது எஸ்எஸ்டி. அரங்கேற்றங்கள் எல்லாம் அழிந்துகொண்டிருந்தன. பிடுங்கினேன். பழைய டிஸ்க்கில் ஒன்றும் திறக்கவில்லை. பரிதா உள்ளே வந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவள் திட்டவில்லை. டிராயரைத் திறந்து இன்னொரு டிஸ்க்கை எடுத்தாள். காலையில் வாங்கியவுடனே எல்லாவற்றையும் அதில் நகலெடுத்து வைத்திருக்கிறாள். சாயங்காலம் அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே லேப்டாப்பை வாங்கிப் போனார். நான் பரிதாவுக்கு நன்றி சொன்னேன். மனதார இல்லை, என்னைக் காப்பாற்றியதில்கூட அவள்தானே ஜெயித்தாள் என்று எரிந்தது.

"எனக்கு உங்க அளவு தைரியம் இல்லண்ணே. காப்பி எடுக்காம கை வைக்கவே பயம் லா."

பாஸின் முடிவு

அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. அடுத்த வாரம் பாஸ் என்னைக் கூப்பிட்டு, புக்கிட் பாஞ்சாங் கடைச் சாவியை என் கையில் வைத்தார். பதினோரு வருட உழைப்புக்குப் பலன் என்று நினைத்துக்கொண்டேன். பேசாமல் வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். ஏன் என்னைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று வாய் சும்மா இராமல் கேட்டுவிட்டேன்.

"பரிதா இல்லாம இந்தக் கடை ஓடாதுப்பா. நீ போனா சமாளிச்சுக்கலாம் லா."

ஆக, ஆசைப்பட்ட நாற்காலி எனக்கே கிடைத்துவிட்டது, அதில் உட்கார்ந்துகொண்டுதான் இப்போது பொறாமைப்படுகிறேன்.