மலை மீட்புப் படையின் ஒரே ஆள்

எங்கள் லாட்வியாவிலேயே உயரமானது கைஸின்கால்ன்ஸ் மலை. அடுப்பில் உருளைக்கிழங்கை வைத்துவிட்டு உச்சிக்குப் போனால், வேகுவதற்குள் திரும்பிவிடலாம். எஸ்தோனியாக்காரர்களின் மலை இதைவிடச் சில மீட்டர் கூடுதல்; அதை நாங்கள் பேசுவதில்லை. நாட்டின் உயர்ந்த மலைக்கு மீட்புப் படை வேண்டாமா? என் அக்கா வெல்தாவின் புருஷன் ஆர்விட்ஸ்தான் அந்தப் படை. முழுப் படையும் அவரே.

ரொட்டிக் கடைக்குக்கூடச் சிவப்பு ஜாக்கெட், கயிறு, விசில் சகிதம்தான் போவார். ஆனால் அந்த மலையில் ஒருவரும் விழுந்து தொலைக்கவில்லை. ஊராட்சித் தலைவி ஸெல்மா பொறுமை இழந்தாள்.

"ஒருத்தரையாவது காப்பாத்தினீங்களா? இல்லேன்னா இந்த மாசத்தோட ஜாக்கெட்டக் குடுத்துடுங்க."

அத்தானுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. அந்த ஜாக்கெட் இல்லாவிட்டால் அவர் முட்டிவலிக்காரர், அவ்வளவுதான். அக்காதான் வழி சொன்னாள்.

"நான் தொலைஞ்சு போறேங்க. தலைவரம்மாவக் கூட்டிட்டு வந்து கண்டுபிடிங்க."

உச்சிக்குக் கீழே ஒரு பாறையருகே காலைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும் என்பது ஏற்பாடு. உட்கார்ந்தாள். முதல்நாள் மழை பெய்திருந்தது. பாறைக்குப் பின்னால் ஒரு காளான், தடித்த தண்டோடு. அதைத் தாண்டி இன்னொன்று. அப்படியே நகர்ந்து தேவதாரு மரங்களுக்குள் போனால், தரையெல்லாம் காளான்.

எங்கள் ஊரில் ஒருவரின் சம்பளத்தைக் கேட்கலாம், குடும்பச் சண்டையைக்கூடக் கேட்கலாம். காளான் முளைக்கும் இடத்தைப் பெற்ற தாயிடமும் சொல்ல மாட்டோம்.

விசில் சத்தம் கேட்டது. அத்தானோடு ஸெல்மா. மீட்புக்கு வந்தவள் கையில் காளான் பறிக்கும் கூடை. அக்கா மூச்சுக் காட்டாமல் ஒரு மரத்தடியில் பதுங்கினாள்.

அத்தான் கிளையை விலக்கினார். பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் தலைத்துணி நிறையப் பறித்திருந்த காளானைப் பார்த்தார்.

"என்ன, ஏதாவது தெரியுதா?" என்றாள் ஸெல்மா.

"ஒண்ணுமில்ல தலைவரம்மா. வெறும் சேறு."

ஸெல்மாவை மலையின் மறுபக்கம் இழுத்துக்கொண்டு போய், பொழுது சாயும்வரை "வெல்தா, வெல்தா" என்று கத்தினார்.

"இத்துனூண்டு மலைல சொந்தப் பொண்டாட்டியக் கண்டுபிடிக்கத் துப்பில்ல," என்று ஸெல்மா அங்கேயே ஜாக்கெட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டாள். இருட்டியதும் அக்கா தானாகவே வீடு வந்து சேர்ந்தாள். ஊர் இன்னும் சிரிக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது, அவர் கண்டுபிடித்தாரே.

அன்றிரவு புளித்த பாலேட்டில் காளான் வதக்கிச் சாப்பிட்டார்கள்.

"நீங்க கத்துறப்போ தொண்ட வரைக்கும் வந்துச்சுங்க, கூப்பிட்டுடலாம்னு," என்றாள் அக்கா.

"கூப்பிட்டிருந்தா உன்ன ஆயுசுக்கும் மன்னிச்சிருக்க மாட்டேன்."

இதையெல்லாம் அக்கா அழுதுகொண்டே சொன்னாள். எனக்கும் கண் கலங்கியது. மெதுவாக, மலையில் எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

"மலைலதான்," என்றாள், கூடப்பிறந்தவள்.