பக்கிரிசாமியின் அடங்காத கை

கிரேன் ஓட்டுபவருக்குக் கீழே நின்று கைகாட்டுவதுதான் என் அக்கா கணவர் பக்கிரிசாமியின் வேலை. உள்ளங்கையைக் கவிழ்த்து அசைத்தால் இறக்கு, விரலைச் சுழற்றினால் தூக்கு. அந்தக் கையை அவர் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் விட்டுவிட்டு வந்ததே இல்லை. பண்டமாரான் வீட்டில் சாம்பார் ஊற்றச் சொல்லவும் அதே சைகைதான். வாய் பேசினால் கையும் பேசும். மனிதர் ஓரிடத்தில் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

போன வருடம் வேலையிடத்தில் வலிப்பு வந்து விழுந்தார். மூளையின் இடப்பக்கம் கட்டி. பேச்சுக்கான இடம் அதற்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று தெரியாமல் கத்தி வைக்க முடியாது என்றார் கோலாலம்பூர் டாக்டர். ஸ்கேனுக்குள் அசையாமல் படுத்து, சொற்களை மனத்துக்குள் நினைக்க வேண்டும். நினைக்கும்போது எந்த இடத்துக்கு ரத்தம் கூடுதலாக ஓடுகிறதோ, அது படத்தில் தெரியும். இந்த மனிதர் ஊமையாகிவிட்டால் என்ன செய்வோம் என்பதே என் நினைப்பாக இருந்தது.

முதல் படம் குழம்பி வந்தது.

"அங்கிள், கைய ஆட்டினீங்களா? மூளையில கைக்கான இடமும் சேந்து தெரியுதுலா," என்றாள் ஸ்கேன் எடுக்கும் ஃபஹீமா.

ஆட்டவே இல்லை என்று சாதித்தார், கையை ஆட்டிக்கொண்டே. கட்டிப் போடுங்கள் என்று நான் எரிந்து விழுந்தேன்.

மலரக்கா தானே உள்ளே வந்து கையைப் பிடித்துக்கொள்வதாகச் சொன்னாள். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே மாதிரி பிடித்திருந்தால் படம் கெடாது என்று ஃபஹீமா சம்மதித்தாள். ஆனால் உடம்பில் உலோகம் எதுவும் கூடாது. வளையலும் தோடும் கழன்றன. தாலிச் செயினைத் தொட்டதும் அக்காவின் கை நின்றுவிட்டது. புருஷன் உயிருக்குப் போராடும் நேரத்தில் அதை எப்படிக் கழற்றுவாள்?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் விரல்கள் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. அக்கா பார்த்துக்கொண்டே நின்றாள்.

"மஞ்சக் கயிறும் கிழங்கும் வாங்கிட்டு வாடா."

ஃபஹீமா வேறொரு நோயாளியை முன்னால் அனுப்பினாள். நான் ஒவ்வொரு சிக்னலையும் திட்டிக்கொண்டே, தமிழ்க் கடைகள் இருக்கும் பிரிக்ஃபீல்ட்ஸ் போய் வந்தேன். அக்கா மஞ்சள் கிழங்கு கோத்த கயிற்றை முதலில் கட்டிக்கொண்டு, பிறகுதான் செயினைக் கழற்றி என்னிடம் தந்தாள். இந்த முறை படம் தெளிவாக வந்தது. பேச்சுக்கான இடம் கட்டியை விட்டுச் சற்று விலகியே இருந்தது. ஆனாலும் செயினை நீட்டியபோது அவள் வாங்கவில்லை.

"ஆபரேஷன் முடிஞ்சு அவரு பேசட்டும். அப்புறம் போட்டுக்கறேன்."

அறுவை முடிந்த அன்று அவர் கண் திறந்தார், பேசவில்லை. வீக்கம் வடிய வேண்டும் என்றார்கள். கையும் போர்வைமேல் அசையாமல் கிடந்தது. அது சும்மா கிடந்ததைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தேன்.

மறுநாள் காலையில் அந்தக் கை மெதுவாக எழுந்து அக்காவின் கழுத்தைக் காட்டியது.

"செயின்... எங்கடி?"

அக்கா கண்ணைக்கூடத் துடைக்காமல், "இன்னொரு தடவ கேளுங்க," என்றாள்.