டயர் சத்தம்தான், வேற ஒண்ணும் இல்ல

இது நடந்தது ஒரு சம்பா அறுவடை சமயத்தில். நீடாமங்கலத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளிய கிராமம் எங்களுடையது. செல்போன் வந்துவிட்டது, ஆனால் வெளிநாட்டிலிருந்து பேசுபவர்கள் இன்னும் அளந்து அளந்துதான் பேசிக்கொண்டிருந்த காலம். என் கணவர் வளைகுடாவில் ஒரு கம்பெனியில் ஃபோர்மேன். ஊரில் நானும், மாமியாரும், பள்ளிக்கூடம் போகும் மகளும். நிலத்தை நான்தான் பார்த்துக்கொண்டேன். நாற்று விடுவதிலிருந்து அறுவடை மெஷினுக்குச் சொல்லி வைப்பதுவரை எல்லாம் என் தலையில்தான்.

முந்தைய லீவில் வந்தபோது அவர் ஒரு பழைய பெரிய வண்டியை வாங்கி வாசலில் நிறுத்திவிட்டுப் போனார். ஏற்கெனவே இரண்டு கை மாறியது. குடும்பத்தோடு தாராளமாக உட்காரலாம். வருடத்தில் ஒரு மாதம் அவர் ஓட்டுவார், மீதி நாளெல்லாம் நான் ஓட்டுவேன். ஆனாலும் ஊருக்கு அது “சார் வண்டி”.

அந்த வருடம் மழையில் வாய்க்கால் பொங்கி எங்கள் தெருவில் முழங்காலளவு தண்ணீர் நின்றது. வண்டியும் அதிலேயே நின்றது. தண்ணீர் வடிந்து சில வாரம் கழித்து முன்பக்க இடது சக்கரத்திலிருந்து ஓர் ஊளைச் சத்தம் வர ஆரம்பித்தது. வேகம் ஏற ஏற அதுவும் ஏறும். வண்டியை வலது பக்கம் ஒடித்தால் கூடும், இடது பக்கம் ஒடித்தால் அடங்கும். எனக்கு அந்தச் சத்தம் புதிதல்ல. வயலில் தண்ணீர் இறைக்கும் மோட்டாரில் பேரிங் தேய்ந்தால் இப்படித்தான் அழும். அப்படி அழுத ஒரு மோட்டாரை, ரிப்பேர்க்காரர் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்ததில், உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் கருகிப் போய் நான் பறிகொடுத்திருக்கிறேன்.

உடனே வண்டியை வழக்கமான பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். மெக்கானிக் ஏறி உட்கார்ந்து கடைத்தெருவில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தார். வண்டியில் ஓடிக்கொண்டிருந்த பாட்டைக்கூட நிறுத்தவில்லை.

“டயர் சத்தம்தான் மேடம், வேற ஒண்ணும் இல்ல.”

வலது பக்கம் ஒடித்தால் சத்தம் கூடுகிறது என்றேன். எங்கள் மோட்டார் கதையையும் சொன்னேன். அவர் சிரித்தார். “மோட்டாரும் வண்டியும் ஒண்ணா மேடம்? சார் வெள்ளிக்கிழமை கூப்பிடுவார்ல? நான் சார்கிட்டயே பேசிக்கிறேன்.”

வளைகுடாவில் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. எங்கள் பக்கத்தில் ஆம்பளைகள் வெளிநாட்டில் இருக்கிற வீடுகளில் மாடு விற்பதானாலும் சரி, கூரை மாற்றுவதானாலும் சரி, அந்த வெள்ளிக்கிழமை போனில்தான் முடிவாகும். இங்கே இருந்து நனைவதும் காய்வதும் நாங்கள். முடிவு மட்டும் கடல் தாண்டி வரும். இதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. நானும் அதுவரை நினைத்ததில்லை.

வெள்ளிக்கிழமை அவர் கூப்பிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், “பட்டறையில பேசிட்டேன். டயர்தானாம். லீவுல வந்து நாலையும் மாத்திடலாம். அதுவரைக்கும் நீ பாட்டைக் கொஞ்சம் சத்தமா வச்சுக்க” என்றார், வேடிக்கையாக.

“நான் சொல்றதைக் கேளுங்க, அது பேரிங்” என்றேன்.

“உனக்கு எல்லாத்துலயும் பயம்” என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருவர் அந்தச் சத்தத்தைக் கேட்டதே இல்லை. இன்னொருவர் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்து என் வண்டிக்கு வைத்தியம் பார்த்து முடித்துவிட்டார்கள்! சக்கரத்தைத் தூக்கி, மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டிப் பார்த்தாலே பேரிங் கதை தெரிந்துவிடும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். ஒரு டீ குடிக்கிற நேரம் ஆகியிருக்குமா அதற்கு?

அடுத்த ஞாயிறு எங்கள் கிறிஸ்தவ சபையில் அறுப்பின் பண்டிகை. புது நெல்லைக் காணிக்கையாகக் கொண்டுபோய் வைப்போம். எங்கள் மாதிரி சபைக்காரர்கள் கும்பிடுகிற கோயில் இருப்பது பக்கத்து ஊரில். நெல்லை வேறு யார் டிராக்டரிலாவது ஏற்றிவிட்டு நாம் பஸ்ஸில் போகலாம் என்று மாமியாரிடம் சொல்லிப் பார்த்தேன்.

“வாசல்ல வண்டியை வச்சுக்கிட்டு பஸ்ல போய் இறங்கினா நாலு பேரு என்னம்மா சொல்லுவாங்க? அதான் அவனே ஒண்ணும் இல்லன்னுட்டானே” என்றார் அவர்.

நெல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். முன்னால் என் பக்கத்தில் மகள், பின்னால் மாமியார். மெதுவாகத்தான் ஓட்டினேன். அறுவடை சமயம் என்பதால் தார் ரோட்டில் பாதியை மறித்து நெல் காயப் போட்டிருந்தார்கள். ஒரு வளைவு தாண்டியதும் கிரீஸ் கருகும் நாற்றம் வந்தது. ஸ்டியரிங் என் கையில் வெடவெடவென்று ஆடியது. பிரேக்கில் காலை வைப்பதற்குள் இடது பக்கம் பொத்தென்று கீழே விழுந்து, வண்டி தாரைக் கீறிக்கொண்டே போய் நின்றது. மகள் அலறினாள். எங்களுக்கு முன்னால் எங்கள் சக்கரம் தனியாக ஓடிக்கொண்டிருந்தது.

அது காயப் போட்டிருந்த நெல்லுக்குள் புகுந்து, ரோட்டோரம் நட்டு வைத்திருந்த ஒரு கறுப்புக் குடையை அடித்துத் தூக்கிக்கொண்டு வயலில் போய் விழுந்தது. குடைக்கடியில் ஒரு சாக்கு விரித்திருந்தது. நெல்லுக்குக் காவல் இருப்பவர்கள் உட்காருகிற இடம் அது. எனக்கு உயிரே போய்விட்டது. கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். சாக்கில் யாரும் இல்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் அம்மாள் வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவர்தான் ஓடி வந்து, நடுங்கிக்கொண்டிருந்த என் மாமியாரை இறக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். சிதறிக் கிடந்த தன் நெல்லைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

தகவல் போய் மெக்கானிக் வந்தார். குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னிடம் சொன்னார்: “பேரிங் சுத்தமா போயிருக்கு மேடம். முன்னாடியே சத்தம் குடுத்திருக்குமே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

அந்த ஆளை என்ன செய்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. “வலது பக்கச் சக்கரத்தையும் தூக்குங்க, இப்பவே, என் கண்ணு முன்னாடி” என்றேன். “சார்கிட்ட ஒரு வார்த்தை...” என்று இழுத்தார். “தூக்குங்கன்னு சொல்றேன்ல!” என்று நான் போட்ட சத்தத்தில் என் மகளே திடுக்கிட்டாள். தூக்கினார். அவர் மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டியதைப் பார்த்து நானும் ஆட்டினேன். அதுவும் ஆடியது.

அன்று ராத்திரியே கணவர் கூப்பிட்டார். பதறிப்போய்த்தான் பேசினார், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கடைசியில், “நீ கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம்ல?” என்றார். பட்டென்று போனை வைத்துவிட்டேன். கல்யாணமாகி அதுதான் முதல் தடவை.

மறுநாள் ஒரு புதுக் குடை வாங்கிக்கொண்டு, அந்த நெல்லைத் திரும்ப வாரிக் கொடுக்க ஆளும் கூட்டிக்கொண்டு போனேன். அந்த அம்மாள் அதே இடத்தில்தான் இருந்தார். “அந்த நேரம் பார்த்து எப்படிங்க அந்தப் பக்கம் போனீங்க?” என்று கேட்டேன்.

“வளைவுல வரும்போதே வண்டிச் சத்தம் சரியில்லம்மா. ஊன்னு அழுதுக்கிட்டே வந்துச்சு. நமக்கு எதுக்கு வம்புன்னு எந்திரிச்சுப் போயிட்டேன்” என்றார், இதிலென்ன இருக்கிறது என்பதுபோல.

கர்த்தர்தான் காப்பாற்றினார் என்று எங்கள் வீட்டில் இன்றும் சொல்வார்கள். நானும் ஸ்தோத்திரம் சொல்லாமல் இல்லை. ஆனால் அந்த அம்மாள் தன் காதில் விழுந்ததை யாரிடமும் சொல்லி உத்தரவு கேட்டுக்கொண்டிருக்காமல் எழுந்து நடந்ததால்தான் உயிரோடு இருக்கிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம், எனக்கு நன்றிக்கு முன்னால் கோபம்தான் வருகிறது.